பின்சில்லின் போக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை கிடையாது. மாரியில் நீர் கண்டு கோடையில் வறண்டு கிடக்கும் வழுக்கியாற்றை நீக்கிவிட்டால் ஆறென்று சொல்லத்தக்கதும் கிடையாது. மலையைச் சுற்றிக்கொண்டும் ஆற்றை அணைத்துக்கொண்டும் வளைந்தேறும் பாதைகள் தோன்றுவதற்குரிய காரணங்கள் இவ்வாறு இல்லாமற் போனமையால், பட்டினத்திலே தொடங்கிக் கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று ஊர் ஊராகக் கடந்து, ஏறத்தாழ 18 கிலோமீற்றர் வடக்கே வந்து, கடல் குறுக்கிட்டதனால் மட்டுமே நின்றுபோகும் எங்கள் காங்கேசன்துறை வீதியில், ஒரு சாரதி தன் ஆயுள் முழுவதும் ஓட்டினாலும் ஸ்ரியறிங்கைப் பெரிதாகத் திருப்பவேண்டிய சந்தர்ப்பம் ஒரு சில முடக்குகளிலேதான் அவனுக்கு வாய்க்கும். அப்படிப்பட்ட சமதரையிற் பிறந்து வளர்ந்த ஒருவன், காரின் பின்பக்கத்தை வேண்டுமென்றே சறுக்கவிட்டு, முகம் ஒரு திசையும் போக்கு வேறொரு திசையுமாக அதனைக் கொண்டுசெல்லும் வித்தையைப் பற்றி எழுதப் புகுவது வேடிக்கையாகத் தோன்றலாம். நுவரெலியாக்காரன் எழுதினாற் பொருந்தும் என்பார்கள். இருக்கட்டும். அவர்களுக்கு முடக்குகள் வாய்த்தன. எங்களுக்கு வழுக்கல் வாய்த்தது.

வழுக்கலுக்கு எங்கள் ஊரில் ஒருகாலும் குறைவிருந்ததில்லை. 1950ஆம் ஆண்டில் காங்கேசன்துறையிலே சீமெந்துத் தொழிற்சாலை ஆரம்பமானதன் பின்னர், சுண்ணாம்புக்கல் தோண்டுவதும் அரைப்பதும் ஏற்றுவதுமாக ஊரின் முகமே மாறிற்று. லொறிகள் இரவு பகல் பாராமல் ஓடின. கோடை முழுவதும் வீதியிலே படிந்த நுண்ணிய வெண்புழுதியும், வண்டிகள் சிந்திய எண்ணெயும், ரயர்கள் தேய்ந்து விட்டுச்சென்ற கரியும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாரின்மேல் அமர்ந்திருக்கும். ஐப்பசி பிறந்து முதல் தூற்றல் விழுந்ததும் இவையெல்லாம் குழைந்து பசையாகிவிடும். அடைமழை பெய்தால் அந்தப் பசை கழுவுண்டு போய்விடும் ஆதலால், மழையைக் கண்டு அஞ்சாத சாரதியும் தூற்றலைக் கண்டு அஞ்சவேண்டும் என்பது எங்கள் ஊரிலே சைக்கிள்காரனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். மாவிட்டபுரம் கோயிலுக்கு அருகே, முதல் தூற்றலில், ஒரு சீமெந்து லொறி எவருக்கும் எவ்விதத் தீங்கும் செய்யாமல், மிகுந்த மரியாதையுடன், தான் வந்த திசையையே நோக்கித் திரும்பி நின்றதை நான் சிறுவயதிலே கண்டிருக்கிறேன். அதன் சாரதி இறங்கி வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டார்.

எனக்குக் கார் ஓட்டக் கற்பித்தவர் என் தாயாரின் தமையனார். அவரை நாங்கள் அம்மான் என்போம். இரண்டாவது உலக யுத்தகாலத்தில் பிரித்தானிய விமானப்படையினர் பலாலியிலே ஓடுபாதை அமைத்திருந்த நாட்களில் அவர் அங்கே லொறி ஓட்டியவர். யுத்தம் முடிந்த பின்னர் வேறு பல இடங்களிலும் சாரதியாக இருந்தவர். அவருக்கு வாழ்க்கையில் இரண்டு பைத்தியங்கள் இருந்தன. ஒன்று மோட்டார், மற்றது மாட்டுவண்டிச் சவாரி. சித்திரை மாதத்தில் எந்த ஊரிலே சவாரி நடந்தாலும் அம்மானை அங்கே காணலாம். பந்தயம் கட்டுவதற்காக அவர் போவதில்லை. மாடுகளின் சுபாவத்தைப் பார்ப்பதற்காகப் போவார். இந்த நாம்பன் வலப்பக்கம் சாய்ந்து ஓடும், அந்த நாம்பன் கடைசி நூறு யாரில்தான் மனம் வைக்கும் என்று அவர் சொல்லும் கணிப்புகள் பெரும்பாலும் பலித்தன.

1962ஆம் ஆண்டு எங்கள் வீட்டுக்கு ஒரு மொறிஸ் மைனர் வந்தது. அக்காலத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் புதிய கார்களின் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. ஆகவே யாழ்ப்பாணத்தார் தம்மிடமிருந்த ஒஸ்ரின்களையும் மொறிஸ்களையும் போற்றிப் பாதுகாத்தார்கள். அந்தப் பழக்கமே பின்னாளில் எங்களுக்கு ஒரு பிரசித்தியாகவும் ஆகிவிட்டது. எங்களுடையது முன்கண்ணாடி நடுவிலே பிரிந்து இரண்டு துண்டாக இருந்த பழைய மாதிரி: 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின், 30 குதிரைவலு, முக்கால் தொன்னுக்குச் சற்று மேற்பட்ட நிறை. வலப்பக்கமோ இடப்பக்கமோ திரும்பும்போது கதவுத்தூணிலிருந்து ஒரு சிறிய செம்மஞ்சட் கை வெளியே நீளும். மழைக்காலத்தில் அது வெளியே வர மறுக்கும், வந்தால் உள்ளே போக மறுக்கும். அதை உள்ளிருந்து தட்டி அனுப்புவதற்கென்றே இடப்பக்க ஆசனத்தில் ஒருவர் வேண்டியிருந்தது. ஸ்ரியறிங் வளையம் பெரியது, மெல்லியது, வெயிலில் நின்றால் கையைச் சுடுவது.

இக்காரை உருவாக்கியவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பெயருடைய வல்லுநர். 1948இல் இலண்டன் கண்காட்சியில் இது வெளியிடப்பட்டபோது, மலிவான சிறிய காரொன்றுக்கு இவ்வளவு துல்லியமான ஸ்ரியறிங் அமைப்பா என்று அறிந்தோர் வியந்தார்கள். எஞ்சின் முன்னே இருக்கும்; அதன் சக்தி நீண்ட தண்டொன்றின் வழியாகப் பின்னே சென்று பின்சில்லுகளைத் தள்ளும்; முன்சில்லுகளுக்குத் திசை காட்டுவது ஒன்றே தொழில். இவ்வாறு தள்ளுகிற வேலையும் திருப்புகிற வேலையும் வெவ்வேறு சில்லுகளுக்கு வகுக்கப்பட்டிருந்ததனாலேயே, பின்பக்கம் சறுக்கும்போது முன்பக்கத்தைக்கொண்டு அதனை ஆளலாம் என்ற வித்தை சாத்தியமாகிறது. இதே இசிகோனிஸ்தான் 1959இல் மினி காரை அமைத்து, இரண்டு வேலையையும் முன்சில்லுகளின் தலையிலே சுமத்தி, உலகமெங்கும் சிறிய கார்கள் பிற்காலத்திலே பின்பற்றிய வழியைத் திறந்துவிட்டவர். அதனால் குடும்பங்களுக்கு இடவசதி கிடைத்தது. எங்கள் வித்தைக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

அனுமதிப்பத்திரம் கையில் வந்த பின்னரும் அம்மான் என்னைச் சாரதி என்று ஒப்புக்கொள்ளவில்லை. "நேரா ஓடுறதுக்குச் சாரதி வேணுமே தம்பி? வண்டி தானே ஓடும். அது உன்னை விட்டிட்டுப் போகேக்கை நீ என்ன செய்வாய் எண்டதுதான் கேள்வி" என்பார். ஆகவே அந்த மாரியில், இரவெல்லாம் மழை பெய்து விடிந்த ஒரு காலையில், ஊருக்குத் தெற்கே எங்கள் உறவினர் ஒருவருக்குரிய தரவைக்கு என்னை அழைத்துச் சென்றார். தோட்டத்துக்கு உதவாத, மாடு மேய்வதற்கு மட்டும் விட்ட வெளி அது. மேலே விரற்கடை செம்மண், கீழே சுண்ணாம்புக்கல். மழை பெய்தால் மேற்பரப்பு மட்டும் வழுவழுப்பாகும், சில்லு புதையாது. சுற்றிவரப் பனையோ கிணறோ கதியால் வேலியோ நெருக்கமாக இல்லை என்பதை அவர் நடந்து பார்த்து உறுதிசெய்த பின்னரே காரை உள்ளே விடச் சொன்னார். கிணற்றைப் பற்றி அவர் இருமுறை விசாரித்தார். யாழ்ப்பாணத்தில் வெளியென்று நம்பி ஓடினால் எதிரே கட்டில்லாத கிணறு வாய் திறந்திருக்கும் என்பது உண்மையே.

முதல் நாளில் சறுக்கலே இல்லை. ஆசனத்தில் இருக்கக் கற்பிப்பதிலேயே அரைநாள் போயிற்று. முதுகு ஆசனத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். கையை நீட்டினால் மணிக்கட்டு வளையத்தின் உச்சியிலே படியவேண்டும். கிளச்சை முழுவதும் மிதித்த பின்னும் முழங்கால் சிறிது மடங்கியே இருக்கவேண்டும். செருப்பைக் கழற்றச் சொன்னார். காரின் பின்பக்கம் போகத் தொடங்குவதை முதலில் அறிவது கண்ணும் அல்ல, காதும் அல்ல, ஆசனத்தில் அமர்ந்திருக்கும் உடம்பே என்பது அவர் சித்தாந்தம். இடுப்பு ஆசனத்திலே தளர்வாக ஆடிக்கொண்டிருந்தால் அந்தச் செய்தி வந்து சேராது. அன்று எங்கள் காரில் இருக்கைப் பட்டி கிடையாது. இப்போது அது இருக்கிறது. கற்றுக்கொள்ளப் போகிறவன் அதை இறுக்கிக் கட்டிக்கொள்வது உயிரைக் காப்பதோடு, மேற்சொன்ன செய்தியையும் தெளிவாகக் கொண்டுவந்து தரும்.

அடுத்த பாடம் பிறேக்கை மறப்பது. இதுவே எல்லாவற்றிலும் கடினமானது. கார் வழுக்கும் கணத்தில் மனிதனுடைய கால், அவனைக் கேளாமலே, பிறேக்கின்மேற் பாய்கிறது. பாய்ந்தவுடன் சில்லுகள் பூட்டிக்கொள்கின்றன. பூட்டிய சில்லுக்குத் திசை கிடையாது. ரயருக்குத் தரையிலே உள்ள பிடிப்பு ஓர் அளவுக்கு உட்பட்டது. அதை நிறுத்துவதற்கும் செலவிடலாம், திரும்புவதற்கும் செலவிடலாம், முடுக்குவதற்கும் செலவிடலாம். முழுவதையும் ஒன்றிலே செலவிட்டவனுக்கு மற்றவற்றுக்கு மிச்சம் இராது. அம்மான் இதை எந்தப் புத்தகத்திலும் படித்தவரல்லர். "காலை எடு, காலை எடு" என்று இரண்டே வார்த்தைகளில் அவர் போட்ட கூச்சலில் இந்தத் தத்துவம் முழுவதும் அடங்கியிருந்தது.

அதன்பின் வெளியின் நடுவே ஒரு பனங்குற்றியை நட்டு, அதை மையமாக வைத்து வட்டமிடச் சொன்னார். முதல் கியரில், மாடு நடக்கும் வேகத்தில், ஸ்ரியறிங்கை ஒரே நிலையில் வைத்துக்கொண்டு சுற்றவேண்டும். வட்டம் ஒழுங்கானதும் அக்சிலறேற்றரைச் சட்டென்று ஒருமுறை அழுத்தி விடவேண்டும். பின்சில்லு பிடிப்பை இழந்து வெளிப்பக்கமாக நழுவும். கார் குற்றியை நோக்கி மூக்கைத் திருப்பும். அந்தக் கணத்திலே ஸ்ரியறிங்கை, பின்பக்கம் எந்தத் திசையிலே நழுவுகிறதோ அந்தத் திசைக்கே திருப்பவேண்டும். வேறு விதமாகச் சொன்னால், முன்சில்லுகள் எப்போதும் நாம் போகவிரும்பும் இடத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், காரின் உடல் எந்தப் பக்கம் திரும்பினாலும் சரியே. புதியவன் இங்கே செய்கிற பிரயத்தனம் எப்போதும் மிகையாகவே இருக்கும். வளையத்தை இறுகப் பற்றிக்கொண்டு மல்லுக்கட்டுவான். உண்மையில் முன்சில்லுகளின் அச்சு சற்றே பின்சாய்வாக அமைக்கப்பட்டிருப்பதனால், காரின் பின்பக்கம் நழுவும்போது அவை தாமாகவே சரியான திசைக்குத் திரும்பப் பார்க்கின்றன. சாரதி செய்யவேண்டியது பெரும்பாலும் அதற்கு இடம்கொடுத்து, வளையத்தைக் கைகளுக்கூடாக ஓடவிட்டு, போதுமென்ற இடத்தில் பிடித்துக்கொள்வதே. இழுக்கிற நாம்பனுக்குக் கயிற்றை விட்டுப் பிடிப்பது போல என்று அம்மான் சொன்னார். சவாரி பார்த்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

பின்பக்கத்தை நழுவவிடுவது எளிது. அதைத் திரும்பச் சேர்ப்பதுதான் கலை. நழுவிய ரயர் மீண்டும் தரையைப் பற்றும் கணத்தில் ஸ்ரியறிங் இன்னும் எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தால், கார் மறுபக்கம் வெட்டிக்கொண்டு முன்னதிலும் மூர்க்கமாகச் சுழலும். முதற் சறுக்கலிலே தப்பியவனை இரண்டாவது சறுக்கல் கொண்டுபோகும் என்பது வீதி விபத்துகளிலே பிரத்தியட்சமாகக் காணக்கூடியது. ஆகவே பிடிப்பு வரும் என்று உடம்பு உணர்ந்தவுடனே, வந்த பின்னர் அல்ல, வளையத்தை நேருக்குக் கொண்டுவரத் தொடங்க வேண்டும். அக்சிலறேற்றரையும் ஒரேயடியாக விட்டுவிடக் கூடாது. விட்டால் காரின் பாரம் முன்னே சாய்கிறது, பின்பக்கம் இலேசாகிறது, இலேசானது இன்னும் நழுவுகிறது. காலைப் படிப்படியாகத் தளர்த்தி, பின்சில்லின்மேல் பாரம் இருக்கும்படி வைத்துக்கொண்டு, அது தரையோடு சமாதானம் செய்துகொள்ள அவகாசம் கொடுக்கவேண்டும். எல்லாம் கைமீறிச் சுழன்றுவிட்டதென்றால் மட்டும் இரண்டு காலையும் அழுத்தலாம்: இடக்கால் கிளச், வலக்கால் பிறேக். கார் தன்பாட்டில் நிற்கும், எஞ்சினும் அணையாது.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்மான் என் தாடையைக் கையாற் பிடித்துத் திருப்பிய சந்தர்ப்பங்கள் பல. "குற்றியைப் பாராதை! குற்றியைப் பாத்தா குற்றியிலைதான் முடிவாய்" என்பார். பார்வை எங்கே போகிறதோ கையும் அங்கேயே போகிறது. பயந்தவன் தான் பயப்படும் பொருளையே பார்க்கிறான். ஆகவே அதிலேயே போய் மோதுகிறான். வெட்டவெளியில் தனியாக நிற்கும் ஒற்றைப் பனையிலே வண்டிகள் மோதுவதன் இரகசியம் இதுவே என்று நான் நம்புகிறேன். காரின் மூக்கு நேரே காட்டும் இடத்தை விட்டு, பக்கக் கண்ணாடியின் வழியாகவேனும், போகவேண்டிய இடத்தைப் பார்க்கப் பழகவேண்டும். சறுக்கும் காரில் முன்கண்ணாடி பெரும்பாலும் அநாவசியமான ஒரு காட்சியையே காட்டிக்கொண்டிருக்கும்.

வட்டம் இருபக்கமும் பழகிய பிறகு இரண்டாவது குற்றியை நட்டு எட்டுப் போடச் சொன்னார். வட்டத்திலே கார் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். எட்டிலே பாரம் ஒருபக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறுகிற ஓர் இடம் உண்டு. அந்த இடத்திலே ஒரு கணம் கார் எடையற்றதாய் நிற்கும். அந்தக் கணத்தைப் பயன்படுத்திக்கொண்டவன், அதிக முடுக்கமின்றியே பின்பக்கத்தை மறுபுறம் வீசலாம். முப்பது குதிரைவலுவிலே எங்களுக்கு வேறு வழியும் இல்லை. உலர்ந்த தாரிலே மொறிஸ் மைனரின் பின்சில்லை எஞ்சினைக்கொண்டு நழுவச்செய்வது நடவாத காரியம். ஈரச் செம்மண்ணிலேகூட, உட்பக்கச் சில்லு மட்டும் வீணே சுழன்று சேற்றை வாரி இறைக்க, வெளிப்பக்கச் சில்லு ஒன்றுமறியாததுபோல் உருளும் தருணங்கள் உண்டு. ஹாண்ட்பிறேக்கை அவர் கடைசியிலேதான் தொடவிட்டார். அதை இழுத்தால் பின்சில்லுகள் மட்டும் பூட்டிக்கொள்ளும், பின்பக்கம் உடனே வெளியேறும், பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். கற்றுக்கொள்பவனுக்கோ ஒன்றும் விளங்கியிராது. நழுவல் எங்கே பிறக்கிறது என்பதை வேகத்தாலும் பாரத்தாலும் அறிந்துகொண்ட பின்னர், ஹாண்ட்பிறேக் நல்ல உபகரணம். அறியுமுன்னர் அது வெறும் சாகசம். இன்றைக்கும் ஹாண்ட்பிறேக்கிலிருந்து பாடத்தைத் தொடங்குகிற ஆசிரியர்களை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

அம்மானின் அறைச் சுவரிலே, ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு படம் இருந்தது. ஆர்ஜென்ரீன தேசத்து ஃபஞ்சியோ, 1957ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டிலே ரூவான் என்னும் இடத்திற் பந்தயம் ஓட்டும் காட்சி. மசராற்றி காரின் நான்கு சில்லுகளும் சறுக்கிக்கொண்டிருக்கின்றன; முன்சில்லுகள் முடக்குக்கு எதிராகத் திரும்பியிருக்கின்றன; சாரதியோ சாய்வுநாற்காலியிலே பத்திரிகை படிப்பவருடைய முகபாவத்தோடு இருக்கிறார். உலகச் சம்பியன் பட்டத்தை ஐந்து முறை வென்ற அம்மனிதர் அப்போது நாற்பத்தாறு வயதுக்காரர். அம்மான் எனக்குக் காட்டியது அந்தக் காரையல்ல, கைகளை. அவை வளையத்தை நெரிக்கவில்லை. அக்காலத்து ரயர்களின் அமைப்பும் இதற்கு உதவியாக இருந்தது என்பதைப் பின்னர் அறிந்தேன். நூலிழைகள் குறுக்கும் மறுக்குமாக அமைந்த அந்தப் பழைய ரயர் பிடிப்பைச் சிறிது சிறிதாக இழக்கும். முன்கூட்டியே தெரிவித்துவிட்டு இழக்கும். பிரெஞ்சுக்காரரின் மிஷெலின் நிறுவனம் 1946இல் உரிமம் பெற்ற ஆரைநூல் ரயர் பிடிப்பிலே மேலானது. ஆயினும் கைவிடும்போது பழையதைப்போல் அவ்வளவு நிதானமாகக் கைவிடாது. இன்று எல்லாரும் பூட்டியிருப்பது அந்த இனமே. கற்பவன் அதையும் மனத்திற்கொள்ள வேண்டும்.

யுத்தம் விட்டுச்சென்ற விமானத் தளங்கள் மோட்டார்ப் பந்தயத்துக்குச் செய்த உபகாரம் தனியே எழுதத்தக்கது. தென்னிலங்கையிலே களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தையும், சென்னைக்கு வடக்கே சோழவரமும் அவ்வாறு ஓடுபாதையாக இருந்து பந்தயத் தடமானவை. நுவரெலியாவில் மககஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934 முதல் நடந்து வந்தது. அதுபற்றிய செய்தி பத்திரிகையில் வந்தால் அம்மான் இரண்டு முறை வாசிப்பார். பலாலி ஓடுபாதைக்கும் கட்டுக்குருந்தையின் யோகம் கிடைத்திருந்தால் என்ன என்று அவர் அடிக்கடி பெருமூச்சு விட்டதுண்டு. அது நடக்கவில்லை. அங்கே விமானங்கள்தான் இறங்கின. பிற்காலத்தில் அதைச் சுற்றி முட்கம்பி ஏறிற்று.

1990 ஜூனில் உள்நாட்டு யுத்தம் மறுபடியும் மூண்டு நாங்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது மொறிஸ் மைனரும் எங்களோடு வந்தது. அதன்பின் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டதும், யாழ்ப்பாணத்தார் தங்கள் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய கதையும் உலகறிந்தவை. சிறிய குப்பியொன்றிலுள்ள பெற்றோலைச் சில துளி கொடுத்து எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். அக்காலத்து எஞ்சின்களின் அமுக்க விகிதம் தாழ்ந்தது ஆகையால் அவை இருமிக்கொண்டேனும் ஓடின. ரயர் கிடைப்பது அதனிலும் அரிது. பூ முழுவதும் தேய்ந்து, உள்நூல் தெரிகிற ரயர்களோடு, மாரிகாலத்தில், குழிவிழுந்த வீதிகளில், நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஏற்றிக்கொண்டு ஓடவேண்டியிருந்தது. தரவையிலே கற்ற வித்தை அந்நாட்களிலேதான் எனக்கு முழுவதும் பயன்பட்டது. பின்பக்கம் நழுவும், கால் பிறேக்குக்குப் போகாது, கை தளர்ந்து விட்டுக்கொடுக்கும், கார் நேராகும், பின்னாசனத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்துவிட்டால் அது நல்ல சறுக்கல் ஆகாது என்று வைத்துக்கொண்டேன். காட்சிக்காகச் செய்யப்படும் சறுக்கலுக்கு இலக்கணம் இதற்கு நேர்மாறானது என்பதை அறியாமல் இல்லை.

அந்தக் காட்சியிலக்கணத்தை எனக்குப் போதித்தவன் ரொறன்ரோவிலே வாழும் என் தங்கையின் பேரன். சென்ற முறை ஊருக்கு வந்தபோது அவன் தன் கைத்தொலைபேசியிலே காட்டிய படங்களைப் பார்த்து நான் பிரமித்தேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. ஜப்பானிலே 1970களில் குனிமிட்சு தகஹாஷி என்னும் பந்தயச் சாரதி, முன்பு மோட்டார் சைக்கிள் ஓட்டி உலகப் பந்தயம் வென்றவர், முடக்குகளிலே காரை வேகம் குறையாமல் சறுக்கவிட்டுச் சென்றதும், அவரைக் கண்டு ஆசைகொண்ட கெய்ச்சி சுச்சியா என்னும் இளைஞர் மலைப்பாதைகளிலே அதனை அப்பியாசம் செய்து ஒரு தனிக் கலையாக்கியதும், 2000ஆம் ஆண்டளவில் அதற்கென்றே போட்டிகள் தோன்றியதும் அவன் சொல்லித்தான் தெரிந்தன. அப்போட்டியிலே முந்துகிறவன் வெல்வதில்லையாம். சறுக்கும் கோணம், பிடித்த பாதை, வேகம், அழகு ஆகியவற்றுக்குப் புள்ளி வழங்குவார்களாம். பரதநாட்டியத்துக்குப் புள்ளி போடுகிற ஊரிலே பிறந்தவன் அதைக் குறைசொல்ல முடியாது. சுச்சியா ஓட்டிய காரும் பெரிய இயந்திரமல்ல. 1983இல் வெளிவந்த, 1.6 லீற்றர் எஞ்சினுடைய, ரொயோற்றா கொறோலா இனத்துச் சிறிய கார். அந்தக் குடும்பத்துக் கார்கள் முன்சில்லுக்கு மாறத் தொடங்கிய காலத்தில் அது மட்டும் பின்சில்லிலே நிலைத்து நின்றது. இதைக் கேட்டதும் எனக்கு அந்த ஜப்பானியரிடம் உறவுமுறை தோன்றிவிட்டது.

பேரனுடைய கார் பழைய நிசான், 2.4 லீற்றர், 155 குதிரைவலு. அவன் பயில்வது வாடகைக்கு எடுக்கும் பந்தயத் தடத்திலே. தலைக்கவசம் உண்டு, தீயணைக்கும் கருவி உண்டு, ஒருவர் ஓடும்போது மற்றவர் நிற்கவேண்டுமென்ற ஒழுங்கும் உண்டு. இந்த ஒழுங்கைக் கேட்டுத்தான் நான் அவனுக்கு ஆலோசனை சொல்ல இசைந்தேன். பொதுவீதியிலே, இரவிலே, தோழர்களுக்குக் காட்டுவதற்காக இவ்வித்தையைச் செய்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. எங்கள் ஒழுங்கைகளில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், கிழவர்கள் சைக்கிளில் போகிறார்கள், வேலிக்குப் பின்னாலிருந்து ஆட்டுக்குட்டி எப்போது வரும் என்று எவராலும் சொல்ல இயலாது. தரவை கிடைக்காதவன் கற்கவேண்டாம். எங்கள் தரவையே பல ஆண்டுகள் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுக் கிடந்தது; அதற்காக நான் காங்கேசன்துறை வீதியிலே வட்டம் போட்டுத் திரியவில்லை.

அவனுக்கு நான் சொன்னவை மேலே எழுதியவைதாம். ஈரத் தரையில் தொடங்கு. ஈரத்தில் எல்லாம் குறைந்த வேகத்திலே நிகழும், ரயரும் மிச்சம். முதலில் வட்டம், பின்னர் எட்டு, அதன்பின்னரே முடக்கு. ஒருபக்கம் மட்டும் பழகாதே. களைத்தவுடன் நிறுத்து, களைத்தவனுடைய கால்தான் பிறேக்கைத் தேடும். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னும் பின்னும் சில்லின் திருகாணிகளைக் கையால் முறுக்கிப் பார். அம்மான் என்னைக் காருக்கடியிலே படுக்கவைத்து, பின் வில்தகடுகளைப் பிடித்திருக்கும் கவ்விகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கச் செய்த பின்னரே வீட்டுக்குப் போகவிட்டார். சேறு காயுமுன் கழுவவும் வேண்டும், காய்ந்த செம்மண் வில்தகட்டுக்கிடையே இருந்து இரும்பைத் தின்னும். கனடாவிலே செம்மண் இல்லை, வீதிக்குப் போடும் உப்பு இருக்கிறது, வேலை ஒன்றே.

இவ்வளவையும் அவன் ஒப்புக்கொண்டான். ஒரு விஷயத்திலேதான் வழக்கு இன்னும் தீரவில்லை. பின்ரயர்களுக்குக் காற்றுக் கூட்டவேண்டும் என்பது என் கட்சி. காற்றுக் கூடினால் ரயர் தரையிலே படியும் பரப்புக் குறையும், பிடிப்புக் குறையும், வலுவில்லாத எஞ்சினும் அதை நழுவச்செய்யும். முன்னுக்கு நல்ல ரயரும் பின்னுக்குத் தேய்ந்த ரயருமாகப் போட்டு அம்மான் அப்படித்தான் பழக்கினார். அவனுடைய தோழர்களோ பின்னுக்குக் காற்றைக் குறைக்கிறார்களாம். வலு மிகுந்தவனுக்கு நழுவச்செய்வது பிரச்சினையில்லை, நழுவிக்கொண்டே முன்னேறுவதற்குப் பிடிப்பு வேண்டும் என்பது அவர்கள் நியாயம். அது அவர்களுக்குச் சரியாகலாம். முந்நூறு, நானூறு குதிரைவலுக் கார்களை வைத்திருப்பவர்களின் கணக்கை 155 குதிரைவலுக்காரன், அதுவும் முதல் வருஷம் கற்கிறவன், கடன்வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் மறுபடியும் இதையே பேசினோம். "தாத்தா, நீங்கள் சொன்னபடி ஒருக்கால் கூட்டிப் பாக்கிறன், சரி வராட்டி குறைப்பன்" என்றான். எத்தனை இறாத்தல் கூட்டுவது என்று கேட்டான். நாலு என்றேன். இரண்டு போதும் என்று அவன் சொல்ல, பின்னாலிருந்து என் தங்கை, இந்த வயதிலே அண்ணனுக்கு இது தேவையா என்று சத்தமிட்டது நன்றாகவே கேட்டது.